ஜப்பானா, அமெரிக்காவா

அமீரகத்துப் புஜைராவில், இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் சதக்கத்துல்லாவின் கடையைத் தெரியாத தோட்டக்காரன் கிடையாது. புல் வெட்டும் மெஷின், தண்ணீர் இறைக்கும் பம்பு, மருந்தடிக்கும் டேங்க், அவற்றுக்கான பெல்ட், பிளேடு, பிளக் என்று கூரை முட்ட அடைத்து வைத்திருப்பார். எதைக் கேட்டாலும் கை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்துவிடுவார். வருகிறவர் உட்கார மட்டும் இடம் கிடையாது. இருக்கிற ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார், எழுந்துகொள்ளவும் மாட்டார்.

சொந்த ஊர் அதிராம்பட்டினம். வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை காலத்தில் என்ன சம்பாதித்தீர்கள் என்று யாராவது கேட்டால் ஊரில் கட்டிய மாடி வீட்டைச் சொல்ல மாட்டார். "எஞ்சின் விஷயத்துல சதக்கத்துல்லா பொய் சொல்ல மாட்டாருன்னு ஒரு பேரு இருக்குல்ல, அதான்" என்பார். கொஞ்சம் தலைக்கனம்தான், ஆனால் சொன்னது உண்மை. புது மெஷின் வேண்டும் என்று காரில் வந்து இறங்குகிற அரபியிடம் பழைய மெஷினைக் கொண்டுவரச் சொல்லி, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டி, "இது போதும், யல்லா, கிளம்புங்க" என்று அனுப்பிய ஆள் அவர். பக்கத்துக் கடை மலையாளி இதையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அதுவே ஒரு விளம்பரமாகப் போயிற்று.

பேர் இருந்தது, வியாபாரம் இருந்தது, பேச ஆள்தான் இல்லை. முன்பெல்லாம் கடைக்குப் பின்னால் இருக்கும் ரூமில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கூடவே தங்கியிருந்தார்கள். சமையல், சண்டை, சிரிப்பு என்று சத்தத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொருத்தராக விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது டிரைவர் சாகிர் மட்டும்தான். அவன் பெஷாவர்க்காரன், தங்கமான ஆள். அவனோடு இந்தியில்தான் பேசியாக வேண்டும். சதக்கத்துல்லாவின் இந்தி சரக்கு ஏற்ற, இறக்க, விலை சொல்ல நன்றாக ஓடும். மனசில் இருப்பதை எடுத்துச் சொல்ல அந்த இந்தி போதாது.

மனைவி ஷம்சியா ஊரில். பிள்ளைகள் கல்யாணமாகி அவரவர் வீட்டில். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஷம்சியா ஃபோன் செய்வாள். கரண்ட் பில், சக்கரை மாத்திரை, கொழுந்தன் மகள் நிச்சயதார்த்தம், கொல்லைப்புறத்து மோட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஸலாம் சொல்லி வைத்துவிடுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வைத்த பிறகு இவர் ஃபோனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலைமையில்தான் தியாகு கூப்பிட்டார்.

தியாகு திருச்சிக்காரர். எண்ணெய்க் கிடங்குக் கம்பெனி ஒன்றின் குடியிருப்பில் மெயின்டனன்ஸ் மேனேஜர். மலையடிவாரத்தில் வரிசை வரிசையாக வில்லாக்கள், நடுவில் பெரிய புல்வெளி. தள்ளிக்கொண்டு போய் வெட்டும் மெஷினால் ஆட்களுக்கு நாக்குத் தள்ளுகிறது, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்று வாங்கக் கம்பெனி ஒத்துக்கொண்டது, எந்த வண்டி நல்லது என்று கேட்டார்.

"வண்டியக் கேக்காதீங்க சார், எஞ்சினக் கேளுங்க" என்றார் சதக்கத்துல்லா.

அதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். வண்டியின் மூடியில் ஒரு கம்பெனிப் பெயர் பளபளவென்று ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே எஞ்சினில் வேறு கம்பெனிப் பெயர் இருக்கும். உடம்பு ஒருத்தன் செய்வான், உயிர் ஒருத்தன் கொடுப்பான். கவாசாகி, பிரிக்ஸ் என்று பெயரெல்லாம் பில்லில்தான். கடைத்தெருவில் அவை ஜப்பான், அமெரிக்கா, அவ்வளவுதான். பெயர் தெரியாதது எல்லாம் சைனா.

"ஜப்பான்காரன் நிதானம் சார். நம்ம சூட்டுல நாள் பூரா ஓடினாலும் மூச்சு வாங்க மாட்டான். அமெரிக்காக்காரன் முறுக்கு. புல்லு முழங்கால் ஒசரம் நின்னாலும் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போய்ட்டே இருப்பான், பார்ட்ஸும் எங்கயும் கிடைக்கும். ரெண்டும் தப்பில்ல. உங்களுக்குச் சரிவு இருக்குன்னு சொல்றீங்க, மணல் காத்து அடிக்குதுங்கறீங்க. ஜப்பானுக்கே போங்க."

முதல் நாளே சொல்லிவிட்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் சாயங்காலம் தியாகு திரும்பக் கூப்பிட்டார். "பாய், நேத்து ராத்திரி யோசிச்சேன். அமெரிக்காவை ஏன் கழிச்சுக் கட்டணும்?" என்றார். சதக்கத்துல்லாவும் சளைக்காமல் அமெரிக்காவின் பெருமையை முதலிலிருந்து சொன்னார். அதற்கடுத்த நாள் ஜப்பானின் எண்ணெய் பம்பு. அப்புறம் காற்று ஃபில்டர். அப்புறம் எங்கெங்கோ போய், திருச்சியில் தியாகுவின் அப்பா வைத்திருந்த டீசல் பம்ப்செட் வரை வந்து, இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஃபோனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிக்கொண்டே "சொல்லுங்க பாய்" என்று ஆரம்பிப்பார் தியாகு. மனிதருக்கு எஞ்சின் வேண்டியதில்லை, பேச்சுதான் வேண்டியிருக்கிறது என்பது சதக்கத்துல்லாவுக்கு ஒரே வாரத்தில் விளங்கிவிட்டது. அவருக்கு மட்டும் வேறென்ன வேண்டியிருந்தது?

ஒரு நாள் தியாகுவே வாய்விட்டுச் சொன்னார். "பொண்ணு தன்யா காலேஜுக்குப் போனதுல இருந்து வீடு செத்துப்போச்சு பாய். சம்சாரம் பேசவே மாட்டேங்கறா. நான் வந்தா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறா. வீட்ல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல. உங்ககிட்ட பேசினா மனசு லேசா இருக்கு."

"இன்ஷா அல்லா, சரியாப் போயிரும் சார்" என்றார் சதக்கத்துல்லா.

அந்த வாரத்திலேயே இன்னொரு ஃபோன் வந்தது. முற்பகல், கடையில் கூட்டம் குறைகிற நேரம். ஒரு பெண் குரல், கோயம்புத்தூர்ப் பேச்சு. பெயர் சுஷ்மிதா என்றாள். ஊரில் தோட்டம் இருக்கிறது, புல் வெட்ட ஒரு வண்டி வேண்டும், எஞ்சின்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சொல்லித் தர முடியுங்களா என்று கேட்டாள்.

கோயம்புத்தூரில் புல் வெட்ட எவனாவது புஜைராவில் வண்டி விசாரிப்பானா? சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வரும். சதக்கத்துல்லாவுக்கு வந்ததா, வரவில்லையா என்று தெரியாது. வந்திருந்தால் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். கேட்கிற காது ஒன்று கிடைத்திருக்கிறது, அதைப் போய் யாராவது குடைவார்களா?

சொல்லிக் கொடுத்தார். எண்ணெயைப் பம்பு வைத்துப் பாகம் பாகமாக அனுப்புகிற எஞ்சின் ஒரு ஜாதி. உள்ளே சும்மா வாரி இறைக்கிற எஞ்சின் இன்னொரு ஜாதி. இரண்டாவதைச் சரிவில் ஏற்றினால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும், மறுபக்கம் காய்ந்து தேயும். அந்தப் பெண் கற்பூரம். ஒரு தரம் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டாள். நடுவில் உங்கள் வீட்டில் சௌக்கியங்களா என்று ஷம்சியாவை விசாரிப்பாள். "அவ நல்லா இருக்காம்மா" என்பார். அதற்கு மேல் சொல்ல அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

"இவ்வளவு கவனமாக் கேக்குறீங்களே, ஒங்களுக்கு எஞ்சின்னா பிரியமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எனக்கில்லீங்க. எங்க வீட்டுக்காரருக்கு. ஃபோன்ல யார்கூடவோ இதையேதான் பேசிப் பேசிச் சிரிக்கறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. நாலு விஷயம் தெரிஞ்சா நானும் ஏதாச்சும் கேட்டுப் பேச்சுக் குடுக்கலாமுன்னு பார்க்கறேன்."

"பேசிப் பாத்தீங்களா?"

"தைரியம் வரலீங்க. உனக்கெதுக்கு இதெல்லாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா அதுக்கப்புறம் எனக்குப் பேச ஒண்ணுமே இருக்காது."

இந்த இரண்டு ஃபோனையும் கூட்டிப் பார்த்தால் விடை வந்திருக்கும். பிளக்கில் படிந்த கரியை வைத்தே எஞ்சினின் ஜாதகத்தைச் சொல்கிற மனிதர், இதில் மட்டும் மண்டு. சாயங்காலத்துப் பேச்சு சாயங்காலத்தோடு, முற்பகல் பேச்சு முற்பகலோடு. ஐந்து நேரத் தொழுகையை விட்டால் அந்த இரண்டு ஃபோனைச் சுற்றித்தான் அவருடைய நாள் ஓடியது. முன்பு எட்டு மணிக்குத்தான் திறப்பார், இப்போது ஏழுக்கே திறந்தார். மீசையை ஒதுக்கிக்கொண்டார். பக்கத்துக் கடை மலையாளி ஜாடைமாடையாகச் சிரித்தார்.

தியாகுவின் கம்பெனி சும்மா இருக்குமா? வண்டி எங்கே என்று கேட்டது. "இருங்க சார், அவசரப்படாதீங்க, புது மாடல் ஒண்ணு கண்டெய்னர்ல வருது, அதையும் பாத்துருவோம்" என்றார் சதக்கத்துல்லா. அப்படி ஒரு கண்டெய்னர் எந்தக் கடலிலும் வரவில்லை. பொய் சொல்லாதவர் என்றீர்களே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் எஞ்சினைப் பற்றித்தான் பொய் சொல்ல மாட்டார். கண்டெய்னர் வேறு. தியாகுவும் அந்தக் கண்டெய்னரைச் சந்தோஷமாக நம்பினார்.

கடைசியில் கம்பெனி ஒரே பிடியாகப் பிடித்தது. வண்டியை நேரில் ஓட்டிக் காட்ட வேண்டும், இந்த வாரமே முடிவு வேண்டும். "டெமோவுக்கு வாங்க பாய். முடிஞ்சதும் நம்ம வீட்ல ஒரு காபி" என்றார் தியாகு. இருபத்தாறு வருடத்தில் அவரைக் காபி குடிக்க வீட்டுக்குக் கூப்பிட்ட வாடிக்கையாளரை விரல் விட்டு எண்ணலாம். வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார்.

சாகிர் பிக்கப்பில் ஜப்பான் எஞ்சின் வண்டியையும் அமெரிக்க எஞ்சின் வண்டியையும் ஏற்றி வந்தான். வெயில் இறங்கிய நேரம். தியாகு இரண்டிலும் ஏறிப் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பத்தொன்பது வயது மனிதர் சின்னப் பையன் மாதிரி இறங்க மனசில்லாமல் இருந்தார். சதக்கத்துல்லாவுக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இன்றைக்கு முடிவாகிவிட்டால் நாளைக்குத் தியாகு எதைச் சொல்லிக் கூப்பிடுவார்? பார்த்துக்கொள்ளலாம். வாங்கிய பிறகு சர்வீஸ் இருக்கிறது, எண்ணெய் மாற்றுவது இருக்கிறது, பிளேடு தீட்டுவது இருக்கிறது. பேச்சை இழுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வண்டி பத்து வருடம் தாங்கும்.

வீடு சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக. சோபாவில் சுருக்கமில்லை, மேஜையில் ஒரு பொருள் இல்லை, சுவரில் மகளின் படம். தியாகு உள்ளே பார்த்து, "ராதா, பாய் வந்திருக்கார்" என்றார். காபியோடு ஒரு பெண்மணி வந்தார், மேஜையில் வைத்தார், நிமிர்ந்து பார்க்காமல் திரும்பினார்.

"எனக்குச் சக்கரை வேணாம்மா" என்றார் சதக்கத்துல்லா.

அந்த அம்மாள் நின்றார். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார். "போடலீங்க."

ஒரே ஒரு சொல். ஒரு மாதமாகக் காதுக்குள்ளேயே இருந்த குரல் சதக்கத்துல்லாவுக்குத் தெரியாமல் போகுமா? நிமிர்ந்து பார்த்தார். சமையலறை வாசலில் நின்று, பேர் மாற்றிச் சொல்லியிருந்த சுஷ்மிதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது.

"கம்மியாத்தான் பேசுவா" என்று தியாகு தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

சதக்கத்துல்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவள் பேச மாட்டாள் என்று இவரிடம் சொல்லி அழுதவர். அந்தப் பக்கம் நிற்பவள் அவர் பேச மாட்டார் என்று இவரிடம் சொல்லி அழுதவள். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைக் கடக்க முடியாமல் இரண்டு பேரும் இண்டஸ்ட்ரியல் ஏரியா வரை சுற்றி வந்திருக்கிறார்கள். ஒரு மெஷின் கடைக்காரனிடம்.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் இரண்டு பேருக்கும் முகம் போய்விடும். வீட்டு விஷயத்தை வெளி ஆளிடம் கொட்டியது தெரிந்தால் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே கூசுவார்கள். சும்மா இருந்துவிடலாமா? அதைவிடச் சுலபம் எதுவுமில்லை. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனால் போதும். நாளை முற்பகல் அவள் கூப்பிடுவாள், சாயங்காலம் அவர் கூப்பிடுவார். இவர் வாழ்க்கை நன்றாக ஓடும். இவர்கள் வீடு இப்படியே சுத்தமாக இருக்கும்.

இவ்வளவு நாளும் இவர்கள் பேசாமலிருந்ததில்தான் நான் பேசிக்கொண்டிருந்தேனா என்று நினைத்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி பாய், முடிவாச் சொல்லுங்க" என்றார் தியாகு. "ஜப்பானா, அமெரிக்காவா?"

"ரெண்டும் வேணாம் சார். சைனா ஒண்ணு இருக்கு எங்கிட்ட. அதுவே போதும்."

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

தியாகு புருவத்தை உயர்த்தினார். "சைனாவா? பம்பு கிடையாது, ஃபில்டர் சரியில்லன்னு நீங்கதானே..."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் காசு பிடுங்கச் சொல்ற கதை. மணலு ஒண்ணும் பண்ணாது. சரிவுல சும்மா ஏறும். நானே கேரண்டி."

தியாகு ஒரு கணம் யோசித்தார், பிறகு தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா சரிதான் பாய். உங்க வார்த்தைக்கு மேல என்ன இருக்கு?"

இதைக் கேட்டதும் சதக்கத்துல்லாவுக்கு உயிரே போயிற்று. இருபத்தாறு வருடத்துப் பேரை இப்படியா அடமானம் வைப்பது? சமையலறை வாசலில் சத்தமில்லை. கணக்குத் தப்பிவிட்டதா? அவள் பேசவே போவதில்லையா?

"அதெப்படீங்க மணல் ஒண்ணும் பண்ணாது?"

தியாகு திரும்பிப் பார்த்தார். ராதா வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்திருந்தாள்.

"இந்த ஊர்க் காத்துல பாதி மணல்தானுங்க. ஃபில்டர் சரியில்லீன்னா தூசி நேரா உள்ளதான் போகும். சிலிண்டர் தேயும், எண்ணெய் குடிக்கும், புகை தள்ளும். அப்பறம் என்னத்துக்குங்க கேரண்டி?"

சதக்கத்துல்லா பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். நாக்கு கூசியது. "அம்மா, இது மிக்ஸி இல்ல. ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்கோம்ல."

அவ்வளவுதான். ராதா விடுவிடுவென்று மேஜைக்கு வந்தாள். "மிக்ஸிக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியுமுங்க. பம்பு இல்லாத எஞ்சினைக் கொண்டுபோய்ப் பின்னாடி சரிவுல ஏத்துனா எண்ணெய் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். பாதி வழில நின்னு போச்சுன்னா நீங்க வந்து தூக்குவீங்களா?" பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இவரு பேச்சைக் கேட்டு வாங்கிப் போட்டீங்கன்னா நாளைக்கு ஆபீசுல உங்க தலையத்தான் உருட்டுவாங்க. அந்த ஜப்பானையே எடுங்க. எனக்கு மட்டும் நீங்க கெட்ட பேரு வாங்கறது நல்லா இருக்குமா?"

தியாகு அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். "உனக்கு எப்படி ராதா இதெல்லாம்?"

அவள் சதக்கத்துல்லாவைப் பார்த்தாள். சதக்கத்துல்லா தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறீங்க. இந்த வீட்ல எனக்குக் கேக்கறதுக்கு வேற என்ன சத்தம் இருக்குது?" அவள் குரல் உடைந்தது. "நீங்க சிரிக்கறதே அந்த ஃபோன்ல மட்டுந்தான். அதையாச்சும் கேக்கலாமுன்னு கதவுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பேன்."

"நீதானே கதவைச் சாத்திக்கறே?"

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு சாத்தறேன்."

"எனக்கென்ன இடைஞ்சல்? எங்கூடப் பேசப் பிடிக்காமத்தான் நீ போறேன்னு நான்..." தியாகு எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தை எங்கே கொட்டுவது என்று தேடியது போலச் சதக்கத்துல்லா பக்கம் திரும்பினார். "ஏன் பாய், ஒரு மாசமா எங்கிட்டச் சொன்னதென்ன, இப்பச் சொல்றதென்ன? விக்காத சரக்கை என் தலையில கட்டப் பார்த்தீங்களா?"

இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"வியாபாரம்தானே சார்" என்றார் சதக்கத்துல்லா.

"உங்களை எவ்வளவு நம்பியிருந்தேன்."

"நான் மட்டும் நம்பலீங்களா?" என்றாள் ராதா. அது வாய் தவறி வந்தது. தியாகு கவனிக்கவில்லை. சதக்கத்துல்லாவுக்கு அது நேராக நெஞ்சில் இறங்கியது. அவளும் அவரை ஏமாற்றுக்காரர் என்றே முடிவு கட்டிவிட்டாள். அவளுக்காவது புரியும் என்று மனசின் ஒரு மூலையில் நப்பாசை இருந்தது போலிருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு வலிக்காது.

அவர் எழுந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை, யாரும் போய்வாருங்கள் என்றும் சொல்லவில்லை. "சரிவு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும், நீதான் வெளிய வர்றதே இல்லையே" என்று தியாகு கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இருவர் குரலும் உயர்ந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை அந்தச் சத்தம் கேட்டது. கதவை அவரே மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார்.

வண்டிகளை ஏற்றிக் கட்டிவிட்டுச் சாகிர் காத்திருந்தான். "க்யா ஹுவா பாய், ஆர்டர் மிலா?"

"கலாஸ் பாய், சலோ" என்றார், முடிந்தது, கிளம்பு என்று. வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணைத் துடைத்தபோது தூசி என்று சாகிர் நினைத்திருப்பான்.

மறுநாள் முற்பகல் ஃபோன் அடிக்கவில்லை. சாயங்காலமும் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும், இருந்தாலும் சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து அந்தக் கம்பெனியின் ஆபீசிலிருந்து ஈமெயில் வந்தது. ஜப்பான் எஞ்சின் வண்டி ஒன்று. கீழே ஒரு வரி: இறக்குவதற்கு முன் எஞ்சின் பெயரும் நம்பரும் எங்கள் ஆள் முன்னிலையில் சரிபார்க்கப்பட வேண்டும். அவருக்கு யாரும் அதுவரை அப்படி எழுதியதில்லை. அந்த வரியை ஒன்றுக்கு மூன்று தடவை படித்தார்.

சாகிரோடு தானும் போனார். தியாகுதான் வந்தார், கூடவே ராதாவும் வந்திருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் எஞ்சின் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், தியாகு காகிதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் அவள் தப்பாகப் படிக்க, அவர் அவள் தோளைத் தட்டிச் சிரித்தார். அதே சிரிப்பு, ஃபோனில் கேட்டது. பிறகு சதக்கத்துல்லாவிடம் காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். பாய் என்று சொல்லவில்லை. ராதா புல்வெளிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்குத் திரும்பியபோது தெரு முழுக்க மதிய அடைப்பு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை. ஃபோனை எடுத்து ஷம்சியாவைக் கூப்பிட்டார்.

"என்னங்க, மேலுக்கு ஒண்ணுமில்லயே?" என்றாள் அவள் பதறிப்போய்.

"ஒண்ணுமில்ல. சும்மா பேசலாமுன்னு கூப்புட்டேன்."

அவள் அடுப்பை அணைப்பது கேட்டது. நாற்காலி இழுபடுவதும் கேட்டது. "பேசுங்க" என்றாள்.

சதக்கத்துல்லா தொண்டையைச் செருமினார். ஊரார் வீட்டில் பேச்சை மூட்டிவிட்ட மனிதருக்குத் தன் பெண்டாட்டியிடம் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஜப்பான் எஞ்சின் ஒண்ணு வித்தேன்" என்றார் கடைசியில்.

"நல்லதுங்க" என்றாள் ஷம்சியா. "வேற?"

"வேற ஒண்ணுமில்ல."